கணைய அறுவைக்குப் பிறகு குழந்தையின் சர்க்கரை: பெற்றோர் கேட்கும் கேள்விகள்

என் மகளுக்கு 10 வயதில் கணையத்தை முழுவதுமாக எடுத்தார்கள். இப்போது அவளுக்கு 15. கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. வீட்டுக்காரர் மஞ்சள் போடுகிறார், நான் பள்ளியில் தமிழ் சொல்லிக் கொடுக்கிறேன். கோவை மருத்துவமனையில் பக்கத்துக் கட்டிலில் இருந்த பெற்றோர், அவர்கள் எண் கொடுத்து அனுப்பிய வேறு பெற்றோர் என்று இந்த 5 ஆண்டுகளில் ஈரோடு, கரூர், தாராபுரம், நாமக்கல் பக்கமிருந்து பலர் என்னை அழைத்திருக்கிறார்கள். ஒரே கேள்வியைப் பலமுறை கேட்டதால் பதில்களை எழுதி வைத்துவிட்டேன்.

எத்தனை யூனிட் போடுவது என்று நான் யாருக்கும் சொல்வதில்லை. அதை உங்கள் குழந்தையின் எடையும் அறுவையும் தெரிந்த மருத்துவர்தான் சொல்ல வேண்டும். மருத்துவரைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்த பிறகு, அடுக்களையில் நின்றுகொண்டு என்ன செய்வது என்று விழிக்கிறோமே, அதற்கான பதில்கள் இவை.

கணையத்தை எடுத்தால் சர்க்கரை ஏன் வருகிறது?

கணையம் இரைப்பைக்குப் பின்னால் குறுக்காகக் கிடக்கிற உறுப்பு. ஒரே வீட்டில் இரண்டு குடித்தனம் மாதிரி அதற்குள் இரண்டு வேலைகள் நடக்கின்றன. பெரும்பகுதி, செரிமான நொதிகளைச் சுரந்து குடலுக்கு அனுப்புகிறது. மொத்தத்தில் 1, 2 சதவீதமே இருக்கும் சிறு திட்டுகள்தான் சர்க்கரையைக் கவனிக்கின்றன. அந்தத் திட்டுகளிலிருந்து இன்சுலின் வருகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். குளுக்ககான் என்ற இன்னொன்றும் அங்கிருந்தே வருகிறது. சர்க்கரை இறங்கும்போது கல்லீரலைத் தட்டி எழுப்பி, சேமித்து வைத்த சர்க்கரையை இரத்தத்தில் விடச் சொல்வது அதுதான்.

ஏறினால் இறக்க ஓர் ஆள், இறங்கினால் ஏற்ற ஓர் ஆள். கணையத்தை எடுக்கும்போது இரண்டு பேரும் போய்விடுகிறார்கள். உறவுக்காரர்கள் முதல் ஆளைப் பற்றி மட்டுமே பேசுவார்கள். எங்கள் வீட்டில் இரவுத் தூக்கத்தைக் கெடுத்தது இரண்டாவது ஆள் இல்லாததுதான்.

அறுவை செய்த எல்லாக் குழந்தைகளுக்கும் சர்க்கரை நோய் வந்துவிடுமா?

வராது. எதற்காக அறுத்தார்கள், எவ்வளவு எடுத்தார்கள், மிச்சம் இருப்பது எப்படி இருக்கிறது என்பதைப் பொறுத்தது. சைக்கிளிலிருந்து விழும்போது கைப்பிடி வயிற்றில் குத்தி கணையம் கிழிந்த பிள்ளைகள் உண்டு. கணையத்தில் கட்டி வந்து, அந்தப் பகுதியை மட்டும் வெட்டியெடுத்த பெண்பிள்ளைகள் உண்டு. இவர்களுக்கு மீதமுள்ள கணையம் ஆரோக்கியமாக இருந்தால் ஊசியே வேண்டியிராமல் போகலாம். ஆனாலும் வருடத்துக்கு ஒருமுறையாவது சோதித்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் வளரும்போது இன்சுலின் தேவை கூடுகிறது. திட்டுகள் வால் பகுதியில் நெருக்கமாக இருப்பதால், தலையை எடுத்ததா வாலை எடுத்ததா என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பிறந்த சில நாட்களிலேயே இன்சுலின் கட்டுக்கடங்காமல் சுரந்து, சர்க்கரை 30, 40 என்று கிடக்கும் குழந்தைகளின் கதை வேறு. மருந்துக்கு அடங்காவிட்டால் கணையத்தில் 95 சதவீதத்துக்கு மேல் எடுக்க வேண்டி வரும். அதன் பிறகும் சிலருக்குச் சில காலம் சர்க்கரை இறங்கிக்கொண்டே இருக்கும். வளர்ந்து பதின்ம வயதை எட்டுவதற்குள் பெரும்பாலானவர்களுக்கு அதே சர்க்கரை ஏறத் தொடங்கிவிடும். பவானிப் பக்கத்து அம்மா ஒருவர் சொன்னார்: "ஏழு வருடம் இவன் சர்க்கரை ஏறாதா என்று சாமி கும்பிட்டேன். இப்போது இறங்காதா என்று கும்பிடுகிறேன்."

எங்கள் மகளுக்குக் கணையக் கல். தென்னிந்தியாவில் இது புதிதல்ல. கணையம் திரும்பத் திரும்ப வீங்கி, குழாயில் சுண்ணாம்புக் கல் படிந்து, உறுப்பே நார்போல் இறுகிவிடும். முதலில் 7 வயதில் கல்லை எடுத்து, குழாயைத் திறந்து குடலோடு இணைத்தார்கள். மூன்று ஆண்டுகளில் வலி திரும்பியது. பிறகுதான் முழுவதையும் எடுத்தது. மரவள்ளிக்கிழங்குதான் காரணம் என்று என் மாமியார் இன்னும் சொல்கிறார். ஒரு காலத்தில் மருத்துவ உலகமும் அப்படிச் சந்தேகித்தது உண்மைதான். ஆனால் அது நிரூபணமாகவில்லை. மரபணு மாற்றங்களுக்குப் பங்கு உண்டு என்பது பின்னர் தெரிந்தது. நீங்கள் கிழங்கு கொடுத்ததால் இது வரவில்லை. இதை நான்கைந்து தாய்மார்களுக்குத் தனித்தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

இது டைப் 1-ஆ, டைப் 2-ஆ?

இரண்டும் இல்லை. கணையம் கெட்டோ அகற்றப்பட்டோ வருகிற சர்க்கரை நோயை 3சி வகை என்கிறார்கள். வேறு ஊரில் அவசரத்துக்கு ஒரு மருத்துவரிடம் போனால், பெயரைச் சொல்வதற்கு முன்பே "கணையம் எடுத்த குழந்தை" என்று சொல்லுங்கள். என் மகளின் பள்ளிப் பையில் ஒரு அட்டை இருக்கிறது. அதில் கணையம் முழுவதும் அகற்றப்பட்டது, இன்சுலின் போடுகிறாள், செரிமானத்துக்கு நொதி மாத்திரை சாப்பிடுகிறாள், சர்க்கரை திடீரென்று இறங்கும் என்று நான்கு வரிகளும் எங்கள் கைபேசி எண்களும் உள்ளன.

அப்பாருக்குக் கொடுக்கும் சர்க்கரை மாத்திரையைக் கொடுத்தால் ஊசியைத் தவிர்க்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. மாத்திரைகளில் பல, கணையத்தை இன்னும் கொஞ்சம் சுரக்க வைப்பவை அல்லது சுரந்ததை நன்றாக வேலை செய்ய வைப்பவை. கணையமே இல்லாத இடத்தில் எதைச் சுரக்க வைப்பது?

ஒரு நாளைக்கு எத்தனை முறை பார்க்க வேண்டும்? எந்த எண் நல்ல எண்?

சாப்பாட்டுக்கு முன், தூங்கும் முன், விளையாட்டுக்கு முன், குழந்தை ஒரு மாதிரி இருந்தால் எப்போது வேண்டுமானாலும். முதல் சில மாதங்கள் நள்ளிரவிலும் ஒருமுறை. 70-க்கும் 180-க்கும் இடையில் பெரும்பாலான நேரம் இருக்க வேண்டும் என்பது பொதுவான இலக்கு. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் HbA1c சோதனை 7 சதவீதத்துக்குக் கீழ் என்பார்கள். ஆனால் அடிக்கடி இறங்கும் குழந்தைக்கு மருத்துவரே இலக்கைத் தளர்த்துவார். தளர்த்தினால் ஏற்றுக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டுப் பெரியவருக்குக் காலையில் 95 இருக்கிறது என்று உங்கள் பிள்ளைக்கும் 95 வேண்டும் என்று துரத்தாதீர்கள். என்னைக் கேட்டால், தூங்கப் போகும்போது 95 இருந்தால் எனக்குப் பயம்தான். 150 இருந்தால் நான் நிம்மதியாகப் படுப்பேன்.

குத்துவதற்கு முன் கையைக் கழுவ வேண்டும். பழனியிலிருந்து வந்த உறவினர் கொடுத்த பஞ்சாமிர்தத்தை என் மகள் தம்பிக்கு ஊட்டிவிட்டு வந்தாள். மீட்டர் 312 காட்டியது. நான் இன்சுலினைக் கையில் எடுத்துவிட்டேன். "நான் சாப்பிடவே இல்லை அம்மா" என்று அழுதாள். சோப்புப் போட்டுக் கழுவி வேறு விரலில் பார்த்தோம். 118. அந்த 312-ஐ நம்பி ஊசி போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே எனக்குப் பிடிக்கவில்லை. விரல் நுனியில் குத்தாமல் ஓரத்தில் குத்தினால் வலி குறையும்.

கையில் ஒட்டும் சென்சார் வசதியானது; வாங்க முடிந்தால் வாங்குங்கள். அது இரத்தத்தை அளப்பதில்லை, தோலுக்கடியில் உள்ள நீரை அளக்கிறது. அதனால் சர்க்கரை வேகமாக மாறும்போது சற்றுப் பிந்தியே காட்டும். குழந்தையின் முகமும் சென்சாரும் வேறு வேறு சொன்னால் விரலில் குத்திப் பாருங்கள்.

சர்க்கரை இறங்கினால் என்ன செய்வது?

இந்தப் பதிலைக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் எல்லோரும் படிக்க வேண்டும். அம்மாயி, அப்பிச்சி, பள்ளி வேன் ஓட்டுநர் உட்பட.

70-க்குக் கீழே போனால் இறங்கிவிட்டது என்று பொருள். 54-க்குக் கீழே ஆபத்து. வியர்வை, கை நடுக்கம், வெளுத்த முகம், திடீர்ப் பசி, காரணமில்லாத அழுகை அல்லது கோபம், உளறல் ஆகியவை அடையாளங்கள். என் மகள் இறங்கும்போது கணக்கு நோட்டில் ஒரே எண்ணைத் திரும்பத் திரும்ப எழுதுவாள். உங்கள் குழந்தைக்கு என்று ஓர் அடையாளம் இருக்கும், அதைக் கண்டுபிடித்து வையுங்கள். அடிக்கடி இறங்கும் குழந்தைக்கு நாளடைவில் அடையாளமே தெரியாமல் போகும் என்பதால் மீட்டர்தான் கடைசி வார்த்தை.

உடனே குளுக்கோஸ் கொடுக்க வேண்டும். எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் 0.3 கிராம் என்பது கணக்கு. 30 கிலோ பிள்ளைக்கு 9 கிராம், 50 கிலோவுக்கு 15 கிராம். வீட்டு டீஸ்பூனில் தலை தட்டி எடுத்தால் 4, 5 கிராம் இருக்கும். தண்ணீரில் கலக்கிக் குடிக்கச் சொல்லுங்கள். 15 நிமிடம் கழித்து மீண்டும் பாருங்கள். ஏறவில்லை என்றால் மீண்டும் அதே அளவு. 70-ஐத் தாண்டிய பிறகு, அடுத்த வேளைச் சாப்பாடு தூரத்தில் இருந்தால் கொஞ்சம் திட உணவு, அதற்கான நொதி மாத்திரையோடு.

ஏன் குளுக்கோஸ், ஏன் பிஸ்கட் இல்லை? மற்ற சர்க்கரை நோயாளிகளுக்கே பிஸ்கட் மெதுவாகத்தான் வேலை செய்யும். நம் பிள்ளைகளுக்கு மாவுச்சத்தை உடைக்கும் கணைய நொதியும் இல்லை. குளுக்கோஸை உடைக்க எந்த நொதியும் தேவையில்லை. சாதாரணச் சர்க்கரையைக் குடலே உடைத்துக்கொள்ளும், கணையம் வேண்டாம். அதனால் குளுக்கோஸ் இல்லாத இடத்தில் சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கலாம். சாக்லேட் வேண்டாம், கொழுப்பு இழுத்துப் பிடிக்கும். இளநீரில் எவ்வளவு சர்க்கரை இருக்கிறது என்பது காய்க்குக் காய் மாறும். பொள்ளாச்சிக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், இளநீரை வேறு நேரத்தில் குடிக்கலாம்.

ஓர் இரவைச் சொல்கிறேன். மாலையில் பள்ளியில் கோ-கோ ஆடிவிட்டு, உறவினர் வீட்டு விருந்துக்கு வந்தாள். சாப்பிட்டாள், ஊசி போட்டோம், நொதி மாத்திரை டப்பா வீட்டிலேயே இருந்துவிட்டது. ஒருவேளைதானே என்று விட்டுவிட்டோம். இரவு 2:40-க்கு எனக்கு விழிப்பு வந்து அவள் முதுகைத் தொட்டேன். மின்விசிறி ஓடுகிறது, பாவாடை நனைந்திருக்கிறது. மீட்டர் 44 என்றது. எழுப்பினால் "நாளைக்குப் பரீட்சை இல்லை" என்கிறாள். தலையை நிமிர்த்திப் பிடித்துக் குளுக்கோஸ் தண்ணீரைச் சிறிது சிறிதாகக் குடிக்க வைத்தேன். 15 நிமிடத்தில் 61. மறுபடியும் கொடுத்து, மறுபடியும் 15 நிமிடம். 88. அந்த அரைமணி நேரம் அவள் அப்பா சுவர்க் கடிகாரத்துக்கு நேரே நின்றுகொண்டே இருந்தார்.

காலையில் மருத்துவர் விளக்கினார். விளையாடிய உடல் இரவெல்லாம் சர்க்கரையை இழுத்துக்கொண்டிருந்தது. மாத்திரை இல்லாததால் சாப்பிட்டது செரிக்காமல் போனது. வராத சர்க்கரைக்கு இன்சுலின் போட்டிருக்கிறோம். கை கொடுக்க குளுக்ககானும் இல்லை.

மயங்கி விழுந்துவிட்டால்?

வாயில் எதையும் ஊற்றாதீர்கள். மூச்சுக்குழாயில் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து, 108-க்கு அழையுங்கள். குளுக்ககான் ஊசி வீட்டில் இருந்தால் தசையில் போட வேண்டும். வழக்கமாக 25 கிலோவுக்குக் கீழே 0.5 மில்லிகிராம், அதற்கு மேல் 1 மில்லிகிராம். எல்லா மருந்துக் கடைகளிலும் அது கிடைக்காது. மருத்துவரிடம் எழுதி வாங்கி, முன்கூட்டியே சொல்லி வரவழையுங்கள். காலாவதி தேதியை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். காலாவதியான ஊசி மருந்தை வைத்துத் தண்ணீரில் பழகிப் பார்க்கலாம். நான் அப்படித்தான் ஒரு தேங்காயில் குத்திப் பழகினேன், சிரிக்காதீர்கள்.

இன்சுலின் ஊசியில் பெற்றோர் செய்யும் பெரிய தவறு எது?

சிரிஞ்சை மாற்றி வாங்குவது. நம் நாட்டில் புட்டி இன்சுலின் இரண்டு வலிமைகளில் விற்கிறது. ஒன்றில் 1 மில்லியில் 40 யூனிட், இன்னொன்றில் 1 மில்லியில் 100 யூனிட். 40-க்கு உரிய சிரிஞ்சின் மூடி சிவப்பு, 100-க்கு உரியதின் மூடி ஆரஞ்சு.

ஒரு திருவிழாச் சமயத்தில் சிரிஞ்ச் தீர்ந்து, வழக்கமாக வாங்காத ஒரு கடையில் வாங்கினோம். எங்களிடம் இருந்தது 40 புட்டி. அவர் கொடுத்தது ஆரஞ்சு. நானும் பார்க்கவில்லை, கடைக்காரரும் கேட்கவில்லை. 8 என்ற கோடு வரை இழுத்தால் 8 யூனிட் என்று நினைத்தேன். உண்மையில் உள்ளே போனது 3.2 யூனிட்தான். மூன்று நாள் சர்க்கரை 350-க்குக் கீழே வரவில்லை. விருந்துச் சாப்பாட்டைக் குறை சொன்னேன், பிள்ளை திருடித் தின்கிறாளோ என்றுகூடச் சந்தேகப்பட்டேன். நான்காம் நாள் அவளே, "அம்மா, மூடி ஏன் ஆரஞ்சாக இருக்கிறது?" என்றாள்.

நாங்கள் தப்பித்தோம், ஏனென்றால் தவறு அந்தப் பக்கம் நடந்தது. 100 புட்டியைச் சிவப்பு மூடிச் சிரிஞ்சில் 8 வரை இழுத்திருந்தால் 20 யூனிட் போயிருக்கும். புட்டியிலும் 40, 100 என்று எழுதியிருக்கும், மூடியிலும் நிறம் இருக்கும். இரண்டையும் விளக்கு வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இன்சுலின் பேனாவுக்கு மாறினால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை.

ஒரே இடத்தில் குத்திக்கொண்டிருந்தால் தோலுக்கடியில் கட்டிபோல் தடித்துவிடும். அங்கே போட்ட மருந்து ஒருநாள் ஏறும், ஒருநாள் ஏறாது. வயிற்றில் அறுவைத் தழும்பை விட்டு விலகிப் போடுங்கள், தொடையையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள்.

இன்சுலினைச் சித்திரை வெயிலில் எப்படிப் பாதுகாப்பது?

திறக்காத புட்டிகள் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில், 2 முதல் 8 டிகிரிக்குள். உறைபெட்டிக்கு அருகில் வேண்டாம், ஒருமுறை உறைந்தது குப்பைக்குத்தான். திறந்த புட்டி பெரும்பாலும் 28 நாள் வரை தாங்கும், அறை ரொம்பச் சூடாகாமல் இருந்தால். கரூர்ப் பக்கத்து வீடுகளில் அந்த "இருந்தால்" நடக்காது. பெரிய மண்பானையில் ஈர மணல் பரப்பி, அதற்குள் சின்னச் சட்டியை வைத்து, புட்டியை நெகிழிப் பையில் சுற்றி உள்ளே வைத்து, மேலே ஈரத்துணி போட்டு மூடுங்கள். நிழலில், காற்றுப் படும் இடத்தில் இருக்க வேண்டும். பயன்பாட்டில் உள்ள புட்டிக்கு இது போதும். பைக்கின் பெட்டியில் மட்டும் இன்சுலினை வைக்காதீர்கள்.

எதைச் சாப்பிடலாம், எதைச் சாப்பிடக் கூடாது?

கூடாது என்று நான் எழுதினால் நீங்கள் ஏமாந்துபோவீர்கள், ஏனென்றால் பட்டியல் மிகச் சிறியது. இந்தப் பிள்ளைகள் ஏற்கெனவே எடை குறைந்தவர்கள். வளர வேண்டும். அரிசிம்பருப்புச் சாதம், கொள்ளுப் பருப்பு, சந்தகை, முட்டை, கறி, தயிர் என்று வீட்டில் எல்லோரும் சாப்பிடுவதையே சாப்பிடலாம். மாவுச்சத்தை எண்ணப் பழக வேண்டும், அவ்வளவுதான். எங்கள் வீட்டு இட்லி ஒன்றில் சுமார் 10 கிராம். முதல் மாதம் சமையலறையில் ஒரு தராசு வைத்து எல்லாவற்றையும் எடை போட்டேன். அதற்குப் பிறகு கண்ணே தராசாகிவிட்டது.

கேழ்வரகும் கம்பும் சர்க்கரையை ஏற்றாது என்பது ஊர் முழுக்கப் பரவிய நம்பிக்கை. 100 கிராம் அரிசியில் சுமார் 78 கிராம் மாவுச்சத்து. 100 கிராம் கேழ்வரகு மாவில் சுமார் 67 முதல் 72 கிராம். நார்ச்சத்தும் சுண்ணாம்புச் சத்தும் கேழ்வரகில் கூடுதல், அதனால் கொடுங்கள். ஆனால் களிக்கும் ஊசி உண்டு. கூழாகக் கரைத்தால் இன்னும் வேகமாக ஏறும்.

கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரைக்கும் கருப்பட்டிக்கும் இதே பதில்தான். மணமும் ருசியும் வேறு, மீட்டருக்கு அந்த வித்தியாசம் தெரியாது. பொங்கலுக்குக் கச்சாயமோ ஒப்புட்டோ சுட்டால் என் மகளும் சாப்பிடுவாள். எண்ணிச் சாப்பிட்டு, எண்ணி ஊசி போட்டுக்கொள்வாள். எல்லோரும் தின்னும்போது ஒரு பிள்ளைக்கு மட்டும் மறுத்தால், அது ஒளித்துத் தின்னும். ஒளித்துத் தின்றதற்கு யாரும் ஊசி போட மாட்டார்கள்.

நொதி மாத்திரையை எப்படிக் கொடுப்பது?

முதல் வாயோடு. நீளமான விருந்து என்றால் பாதியில் இன்னொரு பங்கு. சாப்பிட்டு முடித்த பிறகு கொடுப்பது பாதி வீண். விழுங்கத் தெரியாத குழந்தைக்குக் காப்ஸ்யூலைத் திறந்து, உள்ளே உள்ள மணிகளை ஒரு கரண்டி பழக்கூழில் கலந்து உடனே விழுங்க வையுங்கள். மென்றாலோ, பொடித்தாலோ, சூடான சாதத்தில் கலந்தாலோ மேல்பூச்சு போய்விடும்; இரைப்பை அமிலம் நொதியைக் கொன்றுவிடும். மலம் எண்ணெய்ப் பசையோடு, நாற்றத்தோடு, தண்ணீரில் மிதந்தால் அளவு போதவில்லை என்று மருத்துவரிடம் சொல்லுங்கள். கூச்சப்படாமல் சொல்லுங்கள், அவர்கள் அதைத்தான் எதிர்பார்க்கிறார்கள். ஏ, டி, ஈ, கே வைட்டமின்களையும் இதோடு சேர்த்துப் பார்ப்பார்கள்.

இது பன்றியின் கணையத்திலிருந்து எடுக்கப்படுவது. எங்கள் வீடு சைவம், கொடுக்கலாமா என்று தாராபுரத்திலிருந்து ஒரு பாட்டி கேட்டார். கொடுக்கச் சொன்னேன். அடுத்த வாரம் பிள்ளை அரைக்கிலோ கூடியிருந்ததாக அவரே அழைத்துச் சொன்னார்.

காய்ச்சல், வாந்தி வந்தால்?

சாப்பிடவில்லையே என்று இன்சுலினை முழுவதும் நிறுத்திவிடாதீர்கள். காய்ச்சலில் தேவை கூடவே செய்யும். அளவைக் குறைப்பதா கூட்டுவதா என்று மருத்துவரை அழைத்துக் கேளுங்கள். 2, 3 மணி நேரத்துக்கு ஒருமுறை பாருங்கள். 250-க்கு மேல் நின்றுகொண்டு வாந்தியோ வயிற்று வலியோ இருந்தால் கீட்டோன் (இன்சுலின் போதாமல் உடல் கொழுப்பை எரிக்கும்போது சேரும் அமிலம்) பார்க்க வேண்டும். வாந்தி நிற்கவில்லை, மூச்சு வேகமாக வாங்குகிறது என்றால் வீட்டில் வைத்துப் பார்க்காமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

கணையத்தோடு மண்ணீரலையும் எடுத்திருந்தால் எந்தக் காய்ச்சலும் அவசரம்தான். நிமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ், ஹிப் தடுப்பூசிகள் போடப்பட்டனவா என்று அறுவைக் குறிப்பை எடுத்துப் பாருங்கள்.

சிறுகுறிஞ்சான், பாகற்காய்ச் சாறு, ஆவாரம்பூக் கஷாயம் கொடுத்தால் ஊசி குறையுமா?

பாகற்காயைப் பொரியல் செய்து சாப்பிடுங்கள். இல்லாத கணையத்தை எந்த மூலிகையும் வரவழைக்காது. சிறுகுறிஞ்சான் போன்றவை தங்கள் பங்குக்கு ஏதாவது செய்து, சர்க்கரை ஏன் இறங்கியது என்று நமக்கே தெரியாமல் செய்துவிடும். அதைவிட ஆபத்து, மருந்து தருகிறவர் ஊசியை நிறுத்தச் சொல்வது. அந்தப் படியை ஏறவே ஏறாதீர்கள்.

திட்டுகளை மட்டும் திரும்ப வைக்க முடியுமாமே?

முடியும். எடுத்த கணையத்திலிருந்து குழந்தையின் சொந்தத் திட்டுகளைப் பிரித்து, கல்லீரலுக்குப் போகும் இரத்தக் குழாய் வழியாகச் செலுத்துவார்கள். அவை கல்லீரலில் குடியேறி இன்சுலின் சுரக்கும். 1977-ல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் இதை முதலில் செய்தார்கள். சொந்தத் திசு என்பதால் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து வேண்டாம். திட்டுகளுக்கு ஓய்வு கொடுக்க, செய்த பிறகும் சில மாதங்கள் இன்சுலின் போடுவார்கள். சிலருக்குப் பின்னர் ஊசியே நின்றுவிடும், சிலருக்கு அளவு குறையும். கல் படிந்து இறுகிப்போன கணையத்திலிருந்து கிடைக்கும் திட்டுகள் குறைவு. அறுவைக்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி இது. எடுத்து முடித்த பிறகு கேட்டுப் பயனில்லை. எங்களுக்குக் கேட்கத் தெரியவில்லை.

பள்ளியில் என்ன சொல்லி வைப்பது? செலவுக்கு என்ன செய்வது?

வகுப்பாசிரியர், உடற்கல்வி ஆசிரியர், வேன் ஓட்டுநர் மூவருக்கும் நேரில் சொல்லுங்கள், எழுதியும் கொடுங்கள். இறங்கும்போது தனியாக ஓய்வறைக்கு அனுப்பக் கூடாது என்பதை அடிக்கோடிட்டுச் சொல்லுங்கள். பரீட்சை அறைக்குள் குளுக்கோஸும் தண்ணீரும் கொண்டுபோக முன்னதாகவே கடிதம் கொடுங்கள். மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் (சி.பி.எஸ்.இ.) 2017-லேயே டைப் 1 சர்க்கரை நோயுள்ள மாணவர்களுக்கு இதை அனுமதித்தது. மற்றப் பள்ளிகளில் கேட்கும்போது அதைச் சுட்டிக்காட்டலாம்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் எந்த அறுவைக்கு எவ்வளவு என்பதை மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் கேளுங்கள். அன்றாட இன்சுலினுக்கு கோவை, பெருந்துறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் பதிவு செய்துகொள்ளலாம். வசதியில்லாத டைப் 1 குழந்தைகளுக்கு இன்சுலின் தரும் இதயங்கள் அறக்கட்டளை கோவையில் இருக்கிறது. நம் பிள்ளைகளின் வகை வேறு என்றாலும் போய்க் கேட்பதில் தவறில்லை. மாதச் செலவில் மீட்டரில் செருகும் ஸ்ட்ரிப்தான் கையைக் கடிக்கும். அதில் மிச்சம் பிடிக்காதீர்கள், வேறு எதிலாவது பிடியுங்கள்.

கல்யாணம் ஆகுமா என்று பெரியவர்கள் கேட்கிறார்களே?

என்னிடமும் கேட்டார்கள், தையல் பிரிப்பதற்கு முன்பே. அவளுக்கு அப்போது 10 வயது. பதில் சொல்லவில்லை, காபி கொடுத்து அனுப்பிவிட்டேன்.

எப்போது ஊசியைக் குழந்தையின் கையில் ஒப்படைக்கலாம்?

குத்தத் தெரிவதும் பொறுப்பெடுப்பதும் வேறு. என் மகள் 11 வயதிலேயே தானாகக் குத்திக்கொண்டாள். எத்தனை யூனிட் என்று கணக்குப் போட 13 ஆனது. இன்றும் இரவு ஊசியை நாங்கள் இருவரும் சேர்ந்துதான் பார்க்கிறோம். பதின்ம வயதில் ஒருநாள் எல்லாம் அலுத்துப்போய் ஊசியைத் தள்ளிவிடுவார்கள். அந்த நாளில் திட்டாமல் நீங்களே போட்டுவிடுங்கள்.

போன மாதம் தோழிகளோடு கொடிவேரி அணைக்குப் போனாள், முதல்முறையாக நாங்கள் இல்லாமல். மதியம் ஒரு செய்தி வந்தது: "132. மீன் வறுவல் சாப்பிட்டேன். மாத்திரை போட்டுவிட்டேன்." மாலையில் அவள் குளிக்கப் போன நேரத்தில் டப்பாவைத் திறந்து மாத்திரைகளை எண்ணினேன். கணக்குச் சரியாக இருந்தது. எண்ணியதை அவளிடம் சொல்லவில்லை.